கல்லும் காணியும்



ஓர் இனம் தன் படைஞரை எந்த அளவில் மதிக்கின்றது என்பதை அறிய, அவ்வினம் எழுப்பியுள்ள தூண்களின் உயரத்தை அளக்க வேண்டுவதில்லை. இரண்டு வினாக்களுக்கு விடை கிடைத்தால் போதும். வீழ்ந்தவனின் பெயர், அவன் ஊரார் நாளும் நடக்கும் வழியில், அவர்கள் படிக்கும் மொழியில் பொறிக்கப்பெற்றுள்ளதா? அவனை இழந்த வீட்டில் அடுப்பு எரிகின்றதா? முதல் வினா கல்லைப் பற்றியது. அடுத்தது காணியைப் பற்றியது. பண்டைத் தமிழர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்ததில்லை. இற்றைத் தமிழரோ, அதிலும் சென்னையின் தென்புறத்தே தாம்பரம், பல்லவபுரம், பரங்கிமலை எனப் படைவேலிகளுக்கு இடையிலேயே வாழும் தமிழர், இவ்விரண்டையும் அரசின் கையில் விட்டுவிட்டுத் தாம் பார்வையாளராய் ஒதுங்கி நிற்கின்றனர். அந்நிலை மாறவேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லுக்குரிய வினைகளை ஆறாக வகுத்துக் கூறுகின்றது. தக்க கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வினை. அதனை எடுக்கத் தொடங்குவது இரண்டாவது. நீராட்டுவது மூன்றாவது. நடுவது நான்காவது. மறவனின் பெயரும் பெருமையும் விளங்கப் படையலிட்டுச் சிறப்புச் செய்வது ஐந்தாவது. வாழ்த்துவது ஆறாவது. இளங்கோவடிகள் சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் என்னும் இப்பெயர்களையே காதைகளுக்கு இட்டு, சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல்கொணர்ந்து கண்ணகிக்கு நாட்டியதைப் பாடினார். அதில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. கண்ணகியின் உடல் வஞ்சியில் இல்லை. மலைநாட்டில் வேங்கை மரத்தின் கீழ் நின்று அவள் விண்ணுலகு புக்காள் என்பதே காப்பியம் கூறுவது. உடல் கிடைக்கவில்லை, ஆயினும் கல் நின்றது. நடுகல் என்பது உடலைப் புதைத்த இடத்தின் அடையாளம் மட்டும் அன்று. பெயரைக் காக்கும் இடம் என்பது இதனாற் பெறப்படும்.

இஃது ஏட்டளவில் நின்ற இலக்கணம் என்று எவரும் எண்ணற்க. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்று கண்டறியப்பெற்றன. இதுவரை கிடைத்த எழுத்துடைய நடுகற்களுள் அவை மிகப் பழையன என்று ஆய்வாளர் கருதுவர். அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் வீழ்ந்த ஒருவனுக்காக எடுக்கப்பெற்றது. அவன் வேந்தனல்லன்; ஆநிரைப் பூசலில் மாய்ந்த ஓர் ஊர்மகன். அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னர், பல்லவர் காலத்தில், திருவண்ணாமலைப் பக்கத்துச் செங்கம் பகுதியில் ஊர்தோறும் நடுகற்கள் நின்றன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து 1972இல் நூலாக வெளியிட்டது.

அச்செங்கப் பகுதியின் எடுத்தனூர்க் கல் ஒன்றை மட்டும் இங்கு நினைத்துப் பார்த்தல் வேண்டும். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காத்து வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்பானுக்கு அது நாட்டப்பெற்றது. கள்வர் இருவரைக் கடித்து நின்ற அவனுடைய நாயின் உருவமும் அக்கல்லில் உண்டு. கோவிவன் என்னும் அந்நாயின் பெயரும் உண்டு. எருமை மேய்த்தவனுக்கும் பெயர் உண்டு. அவனுடைய நாய்க்கும் பெயர் உண்டு. அதே மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் பல்லவபுரத்தில் இருக்கின்றது. அதில் அவனுடைய பட்டப்பெயர்கள் வரிசையாக வெட்டப்பெற்றுள்ளன. வேந்தன் தன் பெயரைத் தன் குகையில் வெட்டிக்கொண்ட அதே காலத்தில், ஓர் ஊரார் ஒரு நாயின் பெயரைத் தம் ஊர்க்கல்லில் வெட்டி வைத்தனர் என்பது தமிழர் வரலாற்றின் பெருமைகளுள் ஒன்று.

கல் நட்டதோடு கடமை தீர்ந்ததென்று அவர்கள் கருதவில்லை. போரில் வீழ்ந்தோரின் வழியினர்க்கு நிலம் விட்டனர். கல்வெட்டுகள் அந்நிலத்தை நெய்த்தோர்ப்பட்டி என்றும், பிற்காலத்தில் உதிரப்பட்டி என்றும் குறிக்கின்றன. நெய்த்தோர் என்பது குருதிக்குப் பழந்தமிழ்ப் பெயர். குருதி சிந்தியவனின் மக்கள் பசியால் வாடலாகாது என்பதற்காக விடப்பெற்ற காணி அது. கல்லைக் கண்டு கண்ணீர் விடுவது எளிது. காணியை விட்டுக் கொடுப்பது அரிது. அரியதையும் சேர்த்துச் செய்தமையாலேயே அவர்கள் செய்த எளியதும் பொருள் பெற்றது.

இனி, தென்சென்னைப் புறநகருக்கு வருவோர், இந்நிலத்தின் மற்றொரு முகத்தைக் காண்பர். ஆங்கிலேயர் பரங்கிமலையிலும் பல்லவபுரத்திலும் பாளையம் அமைத்தனர். இன்றும் அவ்விரண்டும் ஒரே படைக்குடியிருப்பாக எண்ணப்பெறுகின்றன. பரங்கிமலையில் 1963இல் தொடங்கப்பெற்ற படைத்தலைவர் பயிற்சிப் பள்ளி, 1988 முதல் படைத்தலைவர் பயிற்சிக் கழகம் என்னும் பெயரில் நடைபெறுகின்றது. தாம்பரத்தில் வான்படை நிலையமும், வானூர்தி ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களையே உருவாக்கும் பள்ளியும் உள்ளன. மறைமலையடிகளார் தமிழின் தூய்மைக்குக் குரலெழுப்பி வாழ்ந்ததும் இதே பல்லவபுரத்திலேதான். ஒரே ஊரில் ஒருபுறம் மொழிக்காவல்; மறுபுறம் நாட்டுக்காவல். ஆனால் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதில்லை.

அயலவன் தன் மறைந்த படைஞரை எவ்வாறு காத்தான் என்பதற்குச் சான்று நந்தம்பாக்கத்தில் உள்ளது. அங்குள்ள சென்னைப் போர்க் கல்லறைத் தோட்டம் 1952இல் அமைக்கப்பெற்றது. தென்னிந்தியாவிலும் கீழைப் பகுதிகளிலும் பல்வேறு இடுகாடுகளிற் கிடந்த, பேணுவாரின்றிப் போகக்கூடிய, இரண்டாம் உலகப்போர்க் காலக் கல்லறைகள் அங்கு ஒருங்கு சேர்க்கப்பெற்றன. 850க்கு மேற்பட்டோர் அங்குத் துயில்கின்றனர். முதல் உலகப்போர்க் காலத்தில் மாய்ந்து, இந்தியாவில் ஆங்காங்கே புதையுண்டு, கல்லறை பேண இயலாமற்போன 1000க்கு மேற்பட்டோரின் பெயர்களும் அங்கொரு நினைவுச் சின்னத்திற் பொறிக்கப்பெற்றுள்ளன. புல் நறுக்கப்பெற்று, செடிகள் நீரூற்றப்பெற்று, அவ்விடம் நாள்தோறும் பேணப்படுகின்றது. அயலாட்சி அகன்ற பின்னும் தமிழர் எவரும் அக்கற்களின்மேற் கை வைக்கவில்லை. இது தமிழர்க்குப் பெருமையே.

ஆனால் அதே ஆங்கிலேயன், தனக்காகப் போரிட்ட இம்மண்ணின் மக்களுக்கு என்ன செய்தான்? 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குப் பின், ஆள் அனுப்பிய ஊர்களிற் பலவற்றில் ஒரு சிறு கல் பதித்தான். அவ்வூரிலிருந்து எத்தனை பேர் போருக்குச் சென்றனர், அவருள் எத்தனை பேர் உயிர் துறந்தனர் என்னும் இரண்டு எண்கள் அதில் இருக்கும். பெயர் இராது. எடுத்தனூரில் நாய்க்குப் பெயர் இருந்தது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், கடல்கடந்து மாய்ந்த மாந்தனுக்கு எண் மட்டுமே இருந்தது. அவ்வாட்சியின் போர்க்கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இதனை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிபதியர் ஆகியோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை வெள்ளையர்க்கு நிகராக மதிக்கப்பெறாமல் விடுபட்டனர் என்றும், கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிபதியருமாக மேலும் 1,16,000 பேரேனும் பெயர் பொறிக்கப்பெறாமலே, ஒருவேளை எவ்வகை நினைவுமின்றியே, மறைந்தனர் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. பெயரில்லாத மதிப்பு மதிப்பாகாது என்பதை உணர அவ்வாணையத்திற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது.

இனித் தாம்பரத்தின் தன் மக்களைப் பற்றிக் காண்போம்.

தாம்பரத்தில் வாழ்ந்தவர் முகுந்து வரதராசன். இங்குள்ள கிறித்தவக் கல்லூரியில் இதழியல் பயின்றார். பரங்கிமலைக் கழகத்திற் பயிற்சி பெற்று 2006இல் தரைப்படைத் தலைவருள் ஒருவரானார். 2014 ஏப்பிரல் 25ஆம் நாள், காசுமீரத்துச் சோப்பியான் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் நடந்த துமுக்கிச் சண்டையில், மேசர் என்னும் தரநிலையில் தம் படைஞர்க்கு முன்னின்று போரிட்டு வீழ்ந்தார். அப்போது அவர்க்கு அகவை 31. ஏப்பிரல் 28ஆம் நாள் சென்னையில் படைமதிப்புடன் எரியூட்டப்பெற்றார். 2015 சனவரி 26ஆம் நாள் அசோகச் சக்கர விருதை அவர் மனைவியார் தில்லியிற் பெற்றுக்கொண்டார். 2024இல் அவர் வாழ்க்கையைத் தழுவி ‘அமரன்’ என்னும் திரைப்படம் வந்தது. அதன் பின்னர் அவர் பெயர் சிறுவர் நாவிலும் புழங்குகின்றது. நன்றே. ஆயினும் திரை ஒளி சில கிழமைகளே நிற்கும். அடுத்த படம் வந்ததும் மங்கும். கல்லோ தலைமுறைகளைக் கடந்து நிற்கும். மேலும், அன்று அவரோடு விக்கிரம் சிங்கு என்னும் படைஞரும் வீழ்ந்தார். தலைவனின் பெயர் அறிந்த நாவு, உடன் வீழ்ந்தவனின் பெயரையும் அறியவேண்டும் என்பதே நடுகல் கற்பிக்கும் அறம்.

இதனினும் துயரமானது மற்றொன்று. 2016 சூலை 22ஆம் நாள் காலை, தாம்பரம் வான்படை நிலையத்திலிருந்து ஏ.என். 32 வகைப் போக்குவரத்து வானூர்தி ஒன்று அந்தமானின் போர்ட்டு பிளேருக்குப் புறப்பட்டது. அதில் 29 பேர் இருந்தனர். அவருள் வான்படையினர் மட்டுமன்றித் தரைப்படை, கடற்படை, கடலோரக் காவற்படையினரும், கடற்படைக் கிடங்கிற் பணிபுரிந்த பொதுமக்கள் எண்மரும் அடங்குவர். வங்கக்கடலின் மேல் அவ்வானூர்தி மறைந்தது. கப்பல்களும் வானூர்திகளும் வாரக்கணக்கில் தேடின, எதுவும் கிடைக்கவில்லை. அவ்வாண்டுச் செப்தம்பரில் 29 பேரும் இறந்தவராகக் கொள்ளப்பெற்றனர். ஏழாண்டுகள் கழிந்தன. இதே தென்புறநகர்ப் பள்ளிக்கரணையில் இயங்கும் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், ஆளில்லாமல் தானே இயங்கும் ஆழ்கடற் கருவி ஒன்றைச் செலுத்தி, சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 140 கடல்மைல் தொலைவில், 3400 மீட்டர் ஆழத்தில், உடைந்த வானூர்திப் பகுதிகளைப் படம் பிடித்தது. அவ்வானூர்தியின் பகுதிகளே அவை என்று 2024 சனவரியில் அறிவிக்கப்பெற்றது.

அந்த 29 பேரின் இல்லத்தார்க்கு எரிகாடும் இல்லை, இடுகாடும் இல்லை. அவர்கள் சென்று நின்று அழுவதற்கு ஓர் இடம் வேண்டும். கண்ணகிக்கு உடலின்றிக் கல் நின்றதன் பொருள் இங்கேதான் விளங்குகின்றது. அவர்களிற் பலர் தமிழராக இல்லாதிருக்கலாம். அதனால் என்ன? அவர்கள் கடைசியாகக் காலூன்றிய மண் தாம்பரத்து மண். விருந்தினனை வழியனுப்பும் தமிழன், திரும்பிவராத விருந்தினனுக்குக் கல் நடக் கடமைப்பட்டவன். படைவேலிக்குள் எந்நினைவுச் சின்னம் இருப்பினும், அது படையின் நினைவு. ஊரின் நினைவு ஊர் நடுவில், மக்கள் நடக்கும் வழியில் நிற்றல் வேண்டும்.

இவ்விடத்தே கசப்பான வினா ஒன்று எழும். அதனை மறைத்துப் பேசுதல் அறமன்று. படையை ஏவும் அரசு எப்போதும் நேர்மையான போருக்கே ஏவுகின்றதா? இல்லை என்பதற்குத் தமிழர் நெஞ்சில் ஆறாத புண் உண்டு. 1987இல் அமைதிப்படை என்னும் பெயரில் ஈழம் சென்ற இந்தியப் படை, அங்குத் தமிழர்மீதே போர் தொடுத்தது. அவ்வாண்டு அத்தோபர் 21, 22 ஆகிய நாள்களில் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளரும் மருத்துவரும் செவிலியரும் அப்படையினராற் கொல்லப்பட்டனர். மறுபுறம், அப்படையினருள் 1100க்கு மேற்பட்டோர் அங்கு மாய்ந்தனர். பரங்கிமலையிற் பயின்ற தமிழரான மேசர் இராமசாமி பரமேசுவரன், அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள் அம்மண்ணில் வீழ்ந்து, பரம வீரச் சக்கரம் என்னும் உச்ச விருதைப் பெற்றார். 1990 மார்ச்சில் அப்படை சென்னை வந்திறங்கியபோது அந்நாளைய முதல்வர் கலைஞர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மனம் ஒப்பவில்லை என்பதே அதன் பொருள்.

அம்முடிவைக் குறை கூறுவோரும் உளர், போற்றுவோரும் உளர். ஆனால் இரண்டு செய்திகளைக் குழப்பலாகாது. போர் அறமா அறமல்லவா என்னும் வழக்கு, ஏவிய அரசின் மேலது. கொலை செய்தவன் இருப்பின் அக்கொலை அவன் மேலது. வீழ்ந்த மகனை எண்ணி அழும் தாயின் கண்ணீர் இவ்விரண்டினும் வேறானது. அதற்கு எதிர்வழக்கு இல்லை. ஒரு போரைக் கண்டித்துக்கொண்டே, அதில் மாண்டவனின் கல்லறையைக் காக்கலாம். நந்தம்பாக்கத்திற் தமிழர் அதைத்தான் செய்கின்றனர்.

இவ்வறம் அற்றவர் என்ன செய்வர் என்பதற்கு யாழ்ப்பாணத்துக் கோப்பாய் சான்று. போரில் மாண்ட புலிப்படையினரின் கல்லறைகள் நிறைந்த துயிலுமில்லம் அங்கு இருந்தது. இலங்கைப் படை அதனை 1990களில் ஒருமுறை இடித்தது. 2002இன் போர்நிறுத்தத்துக்குப் பின் அது மீண்டும் எழுந்தது. 2009க்குப் பின் அடியோடு தகர்க்கப்பெற்று, அவ்விடத்தின் மேலேயே 2011இல் அப்படையின் 51ஆம் பிரிவுத் தலைமையகம் திறக்கப்பெற்றது. மாண்டவரின் கொள்கையை ஏற்போரும் மறுப்போரும் இருக்கலாம். ஆனால் மகனின் கல்லறையிருந்த இடம் வேலிக்குள் அகப்பட, அதன் வெளியே நவம்பர் 27இல் விளக்கேற்றும் தாயைப் பார்த்து, உனக்கு அழ உரிமையில்லை என்று கூற எவனுக்கு வாயுண்டு? கல்லை உடைத்தவன் பெயரை அழிக்க முயன்றான். பெயரோ தாயின் நாவிலிருந்து அழியவில்லை.

கல்லைப் பற்றிக் கூறியது போதும். காணியைப் பற்றிக் காண்போம். ஆண்டுதோறும் திசம்பர் 7ஆம் நாள் கொடிநாள். 1949 முதல் அது நடைபெறுகின்றது. பள்ளிச் சிறுவர் உண்டியலுடன் வருவர். மக்கள் காசு இட்டுச் சிறு கொடியைச் சட்டையிற் குத்திக்கொள்வர். அன்றோடு நினைவு முடியும். மறுநாள் அதே மக்கள், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் இரவுக்காவல் செய்யும் முதியவரைக் கடந்து செல்வர். அவர் ஒரு காலத்தில் பனிமலையிற் காவல் நின்றவராக இருக்கலாம் என்பதை எண்ணார். எளிய படைஞர் பலர் நாற்பது அகவை நிரம்புமுன்பே பணி ஓய்வு பெறுகின்றனர்; பிள்ளைகள் பள்ளியிற் படிக்கும் பருவம் அது. ஆகவே இரண்டாம் பணி தேடியே தீரவேண்டும்.

ஒரே தரநிலையில், ஒரே கால அளவு பணி செய்தோர்க்கு, ஓய்வு பெற்ற ஆண்டு எதுவாயினும் ஒரே ஓய்வூதியம் வேண்டும் என்று கேட்டு, முதிய படைஞர்கள் 2015இல் தில்லித் தெருவில் அமர்ந்து போராட நேர்ந்தது. அவ்வாண்டுச் செப்தம்பரிலேதான் அரசு அதனை ஏற்றது. பின்னர் 2022இல் அக்னிபாத் என்னும் திட்டம் வந்தது. அதன்படிப் படைஞர் நான்காண்டுகளுக்கே சேர்க்கப்பெறுவர். அவருள் 25 விழுக்காட்டினரே நிலைத்துப் பணியாற்றுவர். எஞ்சியோர் ஏறத்தாழ 11 இலக்கத்து 71 ஆயிரம் உருவாத் தொகையுடன் வீடு திரும்புவர். அவர்க்கு ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைஞர் என்னும் நிலைப்பாடும் இல்லை. இருபத்தைந்து அகவைக்குள் படையை முடித்துவிட்டு வரும் இளைஞனுக்கு அரசு ஒரு பெயர் கூடத் தரவில்லையென்றால், அவனுக்கு ஊர் தர வேண்டிய மதிப்பு இன்னும் மிகுதியாகின்றது. நெய்த்தோர்ப்பட்டி விட்ட இனம், இதனை எவனோ தில்லியில் எழுதிய கணக்கு என்று விட்டுவிடலாகாது.

காணி என்பது இக்காலத்தில் நிலமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு கைம்பெண்ணின் ஓய்வூதியம் தடையின்றி வந்தால் அது காணி. படைத்துறைத் தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்றன. தமிழ்ப் பெயரின் தலைப்பெழுத்து ஒரு தாளில் ஒருவகையாகவும் மற்றொரு தாளில் வேறுவகையாகவும் எழுதப்பெற்றால், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அம்முதியவள் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியுள்ளது. ஆண்டுதோறும் உயிருடன் இருப்பதற்குச் சான்று தரவேண்டும். அதுவும் கணிப்பொறி வழியே. எழுதப் படிக்கத் தெரிந்த தமிழிளைஞன் ஒருவன் அவள் அருகில் இரண்டு மணிநேரம் அமர்ந்தால் தீரும் துன்பம் அது. அவ்விரண்டு மணிநேரமே இற்றை நாளின் குருதிக்காணி.

ஆகவே தென்புறநகர்த் தமிழர் செய்யத்தக்கவை மூன்று.

ஒன்று: தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தை அடுத்து, மக்கள் நாளும் கடக்கும் ஓரிடத்தில், ஒரு கல் நடுதல் வேண்டும். 2021இல் தாம்பரம், பல்லவபுரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலியவை இணைந்து மாநகராட்சியாயின. அம்மாநகராட்சி எல்லையிலிருந்து சென்று வீழ்ந்தோரின் பெயரும், 2016இல் இங்கிருந்து சென்று மீளாத 29 பேரின் பெயரும் அதிற் பொறிக்கப்பெறல் வேண்டும். தரநிலை பார்த்து வரிசைப்படுத்தலாகாது. வீழ்ந்த நாளே வரிசையாகட்டும். எழுத்து தமிழாக இருக்கட்டும். வெளியூர் இல்லத்தார் தம் மொழியில் அவரவர் பெயரை அருகில் பொறிக்க விரும்பின், அதற்கும் இடம் விடுக. தன்மொழியைப் போற்றுவோன் பிறன் தாய்மொழியை இகழான்.

இரண்டு: ஏப்பிரல் 25இலும் சூலை 22இலும் அக்கல்லின் முன் ஊரார் கூடிப் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தல் வேண்டும். மேடை வேண்டா, மாலை வேண்டா, ஒலிபெருக்கிப் பேச்சும் வேண்டா. பெயர்களைப் படித்து முடிக்கச் சில மணித்துளிகளே ஆகும். பள்ளிப் பிள்ளைகள் படிக்கட்டும்.

மூன்று: ஒவ்வொரு வட்டத்திலும் முன்னாள் படைஞர் இல்லங்களையும் படைஞரை இழந்த இல்லங்களையும் அறிந்து, ஓய்வூதியத் தாள், மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றில் துணைநிற்க ஐந்து இளைஞர் முன்வரல் வேண்டும். நான்காண்டுப் பணி முடித்து வருவோனையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் அரசின் ஆணை தேவையில்லை. கல் நடும் இடத்திற்கு மட்டும் மாநகராட்சியின் இசைவு வேண்டும். கூடலூர்ப் பூசலில் வீழ்ந்தவனுக்கும் கருந்தேவக்கத்திக்கும் கல் நட்டோர் தில்லியைக் கேட்டு நடவில்லை. தம்மவன் வீழ்ந்தான், தாம் நட்டனர். அவர்கள் நட்ட கற்களைப் படித்துப் பெருமை பேசுவதோடு நின்றுவிடாமல், தம் காலத்திற்குரிய கல்லைத் தாமே நடும் தலைமுறையே அவர்களின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொள்ள உரிமையுடையது. தாம்பரம் அத்தலைமுறையைத் தரட்டும்!